தம்பி உயர்த்திய கை

தர நிர்ணய அலுவலகத்தின் மூன்றாம் தளத்தில் எல்லாரும் அவரை முகத்துக்கு நேரே 'மேடம்' என்றும், அவர் அப்பால் போனதும் 'கோப்பக்கா' என்றும் அழைத்தார்கள். இரண்டாவது பெயர் தம் காதில் விழுந்ததாக அவர் வெகுகாலம் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் உணவு இடைவேளையில் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், "கோப்பக்கா இருக்காங்களா?" என்று உரக்கக் கேட்டபடி அறைக்குள் நுழைந்துவிட்டார். "இருக்காங்க. கோப்புதான் காணோம், தேடிக்கிட்டிருக்காங்க" என்று தலை நிமிராமல் அவரே விடை சொன்னார். எழுத்தர் வந்த வழியே திரும்பினார். அன்று மாலை வரை அந்தத் தளத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அவர் மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. செய்தித்தாளில் அவரைப் பற்றி எதுவும் வரவில்லை; வரும்படியான பெரிய பதவி எதையும் அவர் வகித்ததில்லை. அரசு அலுவலகங்கள் தம் ஆவணங்களைக் கணினியில் எந்தக் கோப்பு வடிவில் சேமிக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் குழுவுக்குச் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தார். அந்தக் குழுவில் அவர் தோற்றார். தோற்ற விதம் முழுவதும் தெரிந்தவர்கள் நாலைந்து பேரே இருக்கிறோம். ஆகையால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலையை வெளியாருக்கு விளக்குவது எளிதன்று. ஓர் ஊரில் வாங்கிய நட்டு வேறோர் ஊரில் வாங்கிய போல்ட்டில் சிக்காமல் ஏறுகிறது என்றால், அதற்கு முன்பே யாரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, திருகு மரையின் இடைவெளியும் ஆழமும் இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்று பொருள். குழாய், விளக்கு மாட்டும் ஹோல்டர், தீயணைப்புக் குழலின் வாய் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு குழு உண்டு. நட்டு, போல்ட் பிரிவில் நான் இருந்தேன். நடைவழியின் எதிர்க்கோடியில், கணினி ஆவணப் பிரிவில், அவர்.

கணினி ஆவணத்துக்கும் நட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு அவர் பொறுமையாக விளக்குவார். ஒரு கடிதத்தைக் கணினியில் சேமிக்கும்போது எழுத்துகளும் பத்திகளும் அட்டவணைகளும் ஏதோ ஓர் ஒழுங்கில் அடுக்கப்படுகின்றன. அந்த ஒழுங்கை ஒரு நிறுவனம் தனக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொண்டால், அதன் மென்பொருளைத் தவிர வேறு எதனாலும் அந்தக் கடிதத்தைச் சரியாகத் திறக்க இயலாது. நிறுவனம் விலையை ஏற்றினால் கொடுத்தாக வேண்டும். மென்பொருளை அது கைவிட்டால் கடிதத்தையும் கைவிட வேண்டியதுதான். அடுக்கும் முறையை முழுவதுமாக வெளியிட்டுவிட்டால், எவரும் அதைத் திறக்கும் மென்பொருளைச் செய்யலாம். "நட்டுக்கு இருக்கிற நியாயம் எழுத்துக்கு இல்லையா?" என்று முடிப்பார்.

இந்தப் பிடிவாதம் அவருக்குப் படிப்பால் வந்ததன்று. பணியில் சேர்ந்த புதிதில் ஓய்வூதிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். அங்கே ஊழியர்களின் பணி விவரங்களைச் சேமித்து வந்த மென்பொருள் நிறுவனம் கைமாறியது. வாங்கியவர்கள் பழைய மென்பொருளைக் கழித்துக் கட்டினார்கள். குடிநீர்க் குழாய் பழுதுபார்த்து வந்த ஒருவர் இறந்து, அவர் மனைவி ஓய்வூதியம் கேட்டு வந்தபோது, கணினித் திரையில் கட்டங்களும் கோணல் கோடுகளுமே தெரிந்தன.

"அவரோட விவரம் இருக்கா, இல்லையாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இருக்கு. படிக்க முடியல."

"நீங்க எழுதினதுதானே?"

"நாங்க எழுதினதுதான்."

அந்தப் பெண் சிறிது நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அவர் கையெழுத்துதான் இப்படி இருக்கும். உங்களுதுமா?" என்றாராம். இதைச் சொல்லும்போது கோப்பக்கா சிரிப்பார். கேட்பவர்கள் சேர்ந்து சிரித்தால் உடனே நிறுத்திக்கொள்வார்.

குழுவின் செயலாளர் ஆனதும் அவர் முதலில் செய்தது உறுப்பினர் விதியைத் திருத்தியது. அதுவரை இயக்குநர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவரே உறுப்பினர். மூடிய அறையில் நாலு பெரியவர்கள் டீ குடித்துக் கலைவார்கள். மறுநாள் தரம் வெளியாகும். மூடிய கோப்பை எதிர்க்கும் குழுவுக்கு மூடிய கதவு தகாது என்று அவர் கருதினார். ஆவணத்தோடு தொழில் தொடர்புடைய எவரும் உறுப்பினராகலாம்; கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை வரை விண்ணப்பிக்கலாம்; சேர்ந்த நாளிலிருந்தே வாக்குண்டு என்று எழுதினார். அதன் கீழேயே செயலாளருக்கும் ஒரு கட்டுப்பாடு: வாக்கைப் பற்றி எந்த உறுப்பினரிடமும் எவ்விதக் கருத்தும் அவர் தெரிவிக்கலாகாது.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். "யார் வேணும்னாலும் வரலாம்னா வேண்டாதவனும் வருவானே, மேடம்?"

"வேண்டியவர், வேண்டாதவர்னு நாம பிரிக்கக் கூடாதுன்னுதான் சார் இந்த விதி."

இயக்குநர் கையெழுத்திட்டார். அவருக்கு அன்று வேறு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

வரைவு ஆயத்தமாக நெடுங்காலம் பிடித்தது. அதன் உயிர்நாடி ஒரே வாக்கியம்: அரசின் ஆவணங்கள் அனைத்தும், முழு விவரமும் வெளியிடப்பட்டு எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க வடிவிலேயே சேமிக்கப்பட வேண்டும். ஆவணக் காப்பகத் தலைவர் அந்த வாக்கியத்துக்காகப் பலரோடு மல்லுக்கு நின்றார். துறைகள் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டன. வாக்கெடுப்பு ஒன்றே எஞ்சியிருந்தபோதுதான் அந்தப் பெரிய மென்பொருள் நிறுவனம் எங்கள் மாடிப்படி ஏறியது.

நிறுவனத்தின் சார்பில் வந்தவர் அரசுத் தொடர்பு அதிகாரி. எந்த வெயிலிலும் அவர் சட்டை மடிப்புக் கலைந்து நாங்கள் பார்த்ததில்லை. அலுவலக உதவியாளர் அவருக்கு 'மடிப்பு' என்று பெயர் சூட்டினார். மடிப்பு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, எதையும் எதிர்த்ததுமில்லை. "உங்க வரைவு அருமையா இருக்கு மேடம். நாங்க கேக்கிறது ஒரே ஒரு வரி. இது இருக்கட்டும், அதுவும் இருக்கட்டுமே" என்பார். அவர் சேர்க்கச் சொன்ன வரி: 'அல்லது, துறைத் தலைவர் ஏற்கும் வேறு வடிவில்.'

எல்லாத் துறைத் தலைவர்களின் மேசையிலும் அந்த நிறுவனத்தின் மென்பொருளே இருந்தது. வரி சேர்ந்தால் அவர்கள் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. வரைவு அச்சாகும், அட்டை போடப்படும், அலமாரியில் நிற்கும். கோப்புகள் பழையபடி பழைய பூட்டுக்குள் போகும்.

மடிப்பு எங்களோடு நின்றுவிடவில்லை. பெரிய விடுதி ஒன்றில் துறைத் தலைவர்களுக்குக் கருத்தரங்கு நடந்தது. இயக்குநர் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைக்கப்பட்டுப் போய்வந்தார்; வந்ததிலிருந்து, "அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று வாக்கியத்தைத் தொடங்கலானார். பள்ளிகளின் சங்கம், வணிகர் மன்றம், இலவச மருத்துவ அறக்கட்டளை என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அமைப்புகளிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே கவலை, அதே சொற்களில். கோப்பக்கா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெற்றுக்கொண்ட விவரம் எழுதி அனுப்பினார்.

அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது அவருடைய தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் படிக்கவைத்து ஆளாக்கியது அக்காதான். நல்ல இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்றார் அக்கா. தம்பி நிலைக்கு வந்தபோது, கேட்டு வருபவர்கள் நின்றுபோயிருந்தார்கள். தம்பி கணினி விற்றுப் பழுதுபார்க்கும் கடை வைத்தார். சிறிய கடைதான், ஆனால் அந்தப் பெரிய நிறுவனத்தின் டீலர் என்ற பலகை வாசலில் தொங்கியதால் அக்கம்பக்கத்து அலுவலகங்கள் அவரிடமே வாங்கின. கீழ்வீட்டில் தம்பி, மனைவி, மகள்; மாடியறையில் அக்கா. சமையல் ஒன்றே.

வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, ஒரு மாலையில், தம்பி மாடிக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விஷயம்."

"உக்காந்து சொல்லுடா."

தம்பி உட்காரவில்லை. "டீலர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. எல்லாரும் உங்க குழுவுல சேரணுமாம். அன்னிக்கு வந்து அந்த வரிக்குக் கை தூக்கணுமாம். விண்ணப்பத்தை அவங்களே பூர்த்தி பண்ணிட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் நம்மளது."

"ம்."

"வராதவங்களோட டீலர்ஷிப்பை அடுத்த தடவை புதுப்பிக்கிறப்ப பாத்துக்கலாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும்."

அக்கா ஒரு துணியை மடித்து வைத்து அடுத்ததை எடுத்தார்.

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் போகல. கடை எப்படியோ போகட்டும்" என்றார் தம்பி.

"செயலாளர் உறுப்பினர்கிட்ட வாக்கைப் பத்திப் பேசக் கூடாதுடா."

"நான்தான் இன்னும் சேரவே இல்லையே."

"சேரப்போறேன்னு சொல்லிட்டியே."

"சரி, அக்காவா சொல்லு. வீட்ல யாரு செயலாளர்?"

"மாடிப்படி ஏறினதும் வேற ஆளாயிடுவேனா நான்?"

"ஆக மாட்டே. அது ஊருக்கே தெரியும்" என்று தம்பி வாசற்படியைப் பார்த்தார்.

தம்பி மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். எங்களுக்குக் கடை தெறந்தாத்தான் அடுப்பு. நான் குறை சொல்லல. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா அவர் போகணும்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமா? அதையாவது சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்லலன்னுதாம்மா அர்த்தம்."

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே போனார். தம்பி சற்று நின்றார். மடித்த துணிகளில் தம் சட்டையும் இருப்பதைக் கண்டு, அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரும் இறங்கினார்.

இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள் என்பதே அன்று தீங்காக முடிந்தது. இத்தனை ஆண்டுகள் கூடவே வளர்ந்த தம்பிக்குத் தம் மனம் தெரியாதா, வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமா என்று அக்கா எண்ணினார். போகாதே என்று சொன்னால் கடை முழுகிவிடும், அந்தப் பழி தம்மீது வேண்டாம் என்றுதான் அக்கா வாயடைத்து நிற்கிறார், போய் வா என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று தம்பி எடுத்துக்கொண்டார். பேசியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும்.

விண்ணப்பங்கள் கட்டாக வந்து சேர்ந்தன. தம்பியுடையதும் அவற்றில் இருந்தது. அக்கா அதை மட்டும் தனியே இயக்குநரிடம் கொண்டுபோய், இவர் என் உடன்பிறந்தவர் என்று தெரிவித்தார்.

"விதி இடம் கொடுக்குதா, இல்லையா?" என்றார் இயக்குநர்.

"கொடுக்குது சார்."

"அப்புறம் என்ன?"

அன்று மாலையே ஆவணக் காப்பகத் தலைவர் அவரைத் தேடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்று மாடி ஏறியதால் மட்டுமன்று. "இத்தனை பேர் ஒரே நாள்ல. ஒருத்தராவது வரைவைப் படிச்சிருப்பாங்களா? எல்லாத்துலயும் 'பரிசீலனையில்'னு ஒரு முத்திரையைக் குத்துங்க. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடலாம். அதுக்குள்ள நம்ம வரைவு தப்பிச்சிடும்."

"பரிசீலிக்க ஒண்ணுமில்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

"சரியா இருக்கிறதுதான் தப்பும்மா, அதுகூடவா புரியல?"

"புரியுது சார். ஆனா இந்த விதியை நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும்னு நான் எழுதலையே."

காப்பகத் தலைவர் படியிறங்கினார். அதற்குப் பிறகு அவர் கோப்பக்காவிடம் மனம்விட்டுப் பேசியதேயில்லை.

கூட்ட நாளன்று எங்கள் தளம் சந்தைபோல் ஆனது. குழு கூடும் அறையில் பன்னிரண்டு பேர் அமரும் மேசை உண்டு. மற்ற நாள்களில் அதிலும் பாதி காலியாகக் கிடக்கும். அன்று நடைவழி முழுவதும் ஆட்கள். எல்லார் கையிலும் நிறுவனம் கொடுத்த ஒரே மாதிரிப் பை. எங்கள் பிரிவிலிருந்தும் சிற்றுண்டிச்சாலையிலிருந்தும் நாற்காலிகளை இழுத்து வந்து அலுவலக உதவியாளர் வரிசை போட்டார்.

"என்ன மேடம், யாருக்குக் கல்யாணம்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மட்டும்தான் வந்திருக்காங்க போல" என்றார் அவர்.

கோப்பக்கா புதியவர் ஒவ்வொருவருக்கும் காகிதத்தை முக்கோணமாக மடித்து, கடையின் பெயர் எழுதி, எதிரே வைத்துக்கொண்டு வந்தார். அவர்களில் கெட்டவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவருமில்லை. புறநகரில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், "சீக்கிரம் முடிஞ்சிடுமாம்மா? கடையைச் சாத்திட்டு வந்திருக்கேன்" என்று கேட்டார். வேறொருவர் வரைவைப் புரட்டிப் பார்த்து, "நல்ல விஷயமாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்கு எதிர்ப்பு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்க, அவர் இவர் முழங்காலைத் தட்டினார். இயக்குநர், "எல்லாருக்கும் டீ சொல்லலாமா?" என்று கேட்டதும் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்துவிட்டது. அறையே சிரித்தது. மடிப்பும் சிரித்தார். கோப்பக்கா சிரிக்கவில்லை, டீக்கு ஆள் அனுப்பினார்.

தம்பி கடைசி வரிசையில், சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முக்கோணக் காகிதம் வைக்கப்பட்டிருந்தது. அதை வைக்கும்போது அக்கா அவரைப் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை. நாற்காலி கொடுத்த உரிமையில் நாங்கள் சிலர் வாசலில் நின்றிருந்தோம்.

காப்பகத் தலைவர் எழுந்து பேசினார். நன்றாகத்தான் பேசினார். இன்று நாம் எழுதுவதை நம் பேரப்பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் படிக்க வேண்டும் என்றார். சிலர் தலையசைத்தார்கள். பிறகு மடிப்பு எழுந்து, தேர்வுச் சுதந்திரம் என்ற சொல்லை மூன்று வாக்கியங்களில் வைத்துப் பேசி அமர்ந்தார். இயக்குநர், வரியைச் சேர்ப்பதை ஆதரிப்பவர்கள் கையுயர்த்தலாம் என்றார்.

எங்கள் அலுவலகத்தில் வாக்கை எண்ணும் முறை பழையது. செயலாளர் வரிசை வரிசையாக நடந்து, பேனாவால் ஒவ்வொரு கையையும் சுட்டி வாய்விட்டு எண்ண வேண்டும். உயர்த்திய கை ஐயத்துக்கு இடமாக இருந்தால் கடந்து போகக் கூடாது. உரியவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே மேலே எண்ணலாம். கோப்பக்கா முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். கைகள் காடுபோல் நின்றன. கடைசி வரிசைக்கு வந்தார். சன்னலோரத்தில் தம்பியின் கை காதளவில் நின்றது. உயர்த்தியது என்று சொல்வதற்கில்லை; இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பிடரியைச் சொறியப் போனவர் பாதியில் மறந்தது போல் இருந்தது. கண்கள் தரையைப் பார்த்தன.

பேனா நின்றது. அறையில் யாருக்கும் அவர்கள் உறவு தெரியாது என்று சொல்ல முடியாது. காப்பகத் தலைவருக்குத் தெரியும், இயக்குநருக்குத் தெரியும், வாசலில் நின்ற எங்களுக்குத் தெரியும்.

"கையைத் தெளிவா உயர்த்துங்க, சார்" என்றார் அக்கா.

தம்பி நிமிர்ந்து பார்த்தார். கை மேலே போனது, முழங்கை நிமிரும்படி. அக்கா எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

வரி சேர்ந்தது. தம்பியின் கையைக் கழித்துவிட்டு எண்ணியிருந்தாலும் முடிவு மாறியிராது. அவ்வளவு பெரிய வித்தியாசம். கூட்டம் கலைந்ததும் அந்தப் புறநகர்ப் பெரியவர், "சொன்ன மாதிரியே சீக்கிரம் முடிச்சிட்டீங்கம்மா" என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

காப்பகத் தலைவர் மேல்முறையீடு செய்தார். குழு திட்டமிட்டு நிரப்பப்பட்டது என்பது அவர் வாதம். செயலாளரின் உடன்பிறந்தவரே வாக்களித்திருக்கிறார் என்பதையும் அதில் ஒரு பத்தியாக எழுதியிருந்தார். கோப்பக்கா எழுதிய அதே உறுப்பினர் விதியை முழுவதுமாக எடுத்துக்காட்டி, எல்லாம் முறைப்படியே நடந்தது என்று மேல்முறையீடு தள்ளப்பட்டது. அந்த ஒரு பத்தி மட்டும் மேலிடத்தின் மனத்தில் தங்கிவிட்டது. சில வாரங்களில், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என்ற சொற்களோடு, கோப்பக்கா எங்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

நடைவழியைக் கடந்து தம் பெட்டியோடு அவர் வந்தபோது, அலுவலக உதவியாளர் நிலைமையை இலேசாக்க எண்ணி, "இங்க கோப்பு கம்மி மேடம். இனிமே போல்ட்டக்கான்னு கூப்பிடட்டுமா?" என்றார்.

"கூப்பிடுங்க. இதாவது எந்தக் கடைல வாங்கினாலும் பொருந்தும்" என்றார் அவர்.

அதன்பின் ஓய்வு பெறும் வரை எங்களோடு மரையின் ஆழத்தை அளந்தார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எதிர்ப்பக்கத்து அறையிலிருந்து செய்திகள் வந்தபடி இருந்தன. துறைகள் ஒவ்வொன்றாக அந்த 'அல்லது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பழைய வடிவையே ஏற்றன. யாராவது வந்து சொல்வார்கள். அவர் கேட்டுக்கொண்டு, அளவுகோலைத் துடைத்து உறையில் இடுவார்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. சமையல் ஒன்றாகவே இருந்தது, உண்பதும் ஒன்றாக. ஆனால் தம்பி மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஏதாவது கேட்க வேண்டுமானால் மகள் வருவாள். "அத்தை, மின்சாரக் கட்டணம் கட்டியாச்சான்னு அப்பா கேக்கச் சொன்னார்" என்பாள். "கட்டியாச்சுன்னு சொல்லு" என்பார் அத்தை. ஒரே வீட்டில், ஒரு மாடிப்படியின் இரு முனைகளில், ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பிக்கொண்டு அவர்கள் முதுமையை நோக்கி நடந்தார்கள். வளர்ந்த மகள் ஒருநாள், "நீங்க ரெண்டு பேரும் என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்க" என்று சிரித்தாள்.

பிறகு அந்தப் பெரிய நிறுவனம் அரசுக்கும் அலுவலகங்களுக்கும் நேரடியாகவே விற்கத் தொடங்கியது. இடையில் டீலர்கள் தேவைப்படவில்லை. அன்று கை தூக்கிய கடைகளுக்கெல்லாம் ஒரே மாதிரியான நன்றிக் கடிதம் வந்தது. தம்பி மூன்று ஆண்டுகள் வெறும் பழுதுபார்ப்பில் தாக்குப்பிடித்துப் பார்த்தார். முடியவில்லை.

கடையைக் காலிசெய்த நாளில், யாரும் கூப்பிடாமலே அக்கா அங்கே போனார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார், உடல்நலமும் சரியில்லை. தம்பி அலமாரிகளைக் கழற்ற, அவர் தரையில் அமர்ந்து திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதை எனக்குச் சொன்னவர் தம்பியே.

"அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா" என்றாராம் தம்பி, அலமாரியைப் பார்த்தபடி.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பே."

"கேட்டுத்தான் இருப்பேன்."

"அதனாலதான்டா சொல்லல. அவங்க சொல்லி நீ கை தூக்கினா அது தப்பு. நான் சொல்லி நீ தூக்காம இருந்தா மட்டும் அது சரியாயிடுமா?"

தம்பி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "நான் தூக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். பக்கத்துல இருந்தவன் பார்த்தான், பாதி தூக்கினேன். நீ அதைத் தாண்டிப் போயிடுவேன்னு நினைச்சேன். நீ வந்து நின்னு, தெளிவா உயர்த்துங்கன்னே. நீ சொன்னே, நான் செஞ்சேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே."

"அது விதிடா. சந்தேகமா இருந்தா கேட்டாகணும்" என்றார் அக்கா. பிரித்து வைத்திருந்த திருகாணிகளில் இரண்டு குவியல்களைத் தவறுதலாக ஒன்றாக்கிவிட்டு, மறுபடி பிரிக்கத் தொடங்கினாராம்.

அதற்குப் பின் தம்பி மாடிக்கு வரலானார். மருந்து கொடுக்கவும் சன்னலைச் சாத்தவும் வருவார். சில நாள் சும்மாவும் வந்து உட்கார்ந்திருப்பார். அது நீண்ட காலம் வாய்க்கவில்லை.

அக்கா இறந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். மாடியறையில் கொடியும் கட்டிலும் மட்டும் இருந்தன. தம்பி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தாம் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். அன்றைய கூட்டத்தில் நான் வாசலில் நின்றதை அவர் மறந்திருக்கவில்லை. அக்கா நேர்மையானவர், அவரைப்போல ஒருவரை எங்கள் அலுவலகம் கண்டதில்லை என்று வழக்கமாகச் சொல்லும் சொற்களைச் சொன்னேன். அவை உண்மையும்கூட. தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அவ சொன்னதெல்லாம் எனக்குப் புரியுது சார். ஓட்டுன்னா அவங்கவங்க மனசுதான். ஒருத்தர் சொல்லி வரக் கூடாது. நியாயம்தான்" என்றார். கட்டில் விரிப்பின் மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"ஆனா, நான் அவளுக்கு உறுப்பினரா சார்?"

கீழேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தேன்.